ரூட்டர் பிட் வாங்கும்போது வெட்டு முனையைத் திருப்பிப் பாருங்கள்

ரூட்டர் என்பது மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் மின்கருவி; அதில் மாட்டும் வெட்டு முனைதான் பிட். ரூட்டர் பிட் வாங்கும்போது பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பிட்டைத் திருப்பி, கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) துண்டு தண்டோடு பற்றவைத்த கோட்டை வெளிச்சத்தில் பாருங்கள். கோடு இடைவிடாமல் ஓட வேண்டும். ஊசிமுனை அளவு கறுப்புக் குழி தெரிந்தாலும் வேண்டாம். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமான், துண்டு பெயர்ந்தால் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கார்பைடு தடிமனாக இருந்தால் மழுங்கினாலும் சாணை பிடிக்கலாம். காகிதம்போல் மெலிந்தது ஒருமுறைதான்.

ரூட்டர் ஏற்குமானால் 6 மி.மீ. தண்டை விட்டு 12 மி.மீ. எடுங்கள். தடிமன் இரட்டித்தால் வளையாமல் நிற்கும் பலம் பதினாறு மடங்கு. அதிர்வு குறையும், விளிம்பில் அலை அலையான தடமும் குறையும். கால் அங்குலத் தண்டு 6.35 மி.மீ.; அதுவும் 6 மி.மீ.யும் ஒன்றல்ல. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள், கால் அங்குலப் பிடியில் 6 மி.மீ. தண்டு நழுவும்.

பிளைவுட்டின் பசை கார்பைடு இல்லாத சாதா ஹைஸ்பீடு ஸ்டீல் முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் அதில் துருவும் ஏறும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

சின்ன டிரிம்மர் (ஒரு கையால் பிடிக்கும் சிறு ரூட்டர்) மட்டும் வைத்திருப்பவருக்கு 12 மி.மீ. பொருந்தாது. எப்போதாவது மெதுமரத்தில் ஒரு வரி இழுக்க ஸ்டீல் பிட்டே போதும். பண்ருட்டிப் பலாப்பலகையில் புது பிட்டும் புகைந்தால், முதலில் ஒட்டிய பிசினைக் கழுவிப் பாருங்கள்.