பல மொழிகளுக்கு ஏற்றபடி செயலியை அமைப்பது எப்படி?

ஒரு செயலியில் இன்னொரு மொழியைச் சேர்க்கும் வேலை மொழிபெயர்ப்பாளரிடம் தொடங்குவதில்லை. நிரலுக்குள் ஆங்காங்கே எழுதிவைத்த வாசகங்களைத் தனிக் கோப்புக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ‘ஓப்பன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல், பொத்தானில் ‘திற’ என்றும் நிலையைக் காட்டும் இடத்தில் ‘திறந்துள்ளது’ என்றும் தமிழில் வர வேண்டியிருப்பதால், சொல் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறானால் அடையாளப் பெயரும் வேறாக இருக்கட்டும். அது எந்தத் திரையில் வருகிறது என்ற குறிப்பையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள். பயனரின் பெயருக்குப் பின்னால் ‘க்கு’ என்று நிரல் ஒட்டினால் ‘மாலாக்கு’, ‘குமார்க்கு’ என்றுதான் வரும். ‘மாலாவுக்கு’, ‘குமாருக்கு’ என்று எழுத வேண்டுமானால் பெயரின் ஈற்றெழுத்தைப் பார்க்க வேண்டும். பெயர் வரும் இடத்தை மட்டும் குறித்து, முழு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால், உருபே தேவைப்படாதபடி ‘பெறுநர்: மாலா’ என்று அவர் மாற்றிக்கொள்வார்.

எண்ணிக்கையும் இதே வகைச் சிக்கல்தான். ஒருமை, பன்மை என்ற இரண்டும் தமிழுக்குப் போதும். ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும். அரபிக்கோ ஆறு வடிவங்கள் வேண்டும். ரஷ்ய மொழியில் 21 என்ற எண் 1-க்குரிய வடிவத்தையே எடுக்கிறது. இந்த விதிகள் யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பில் இருக்கின்றன. ஐசியூ போன்ற நிரலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) அதைப் பயன்படுத்துவதால், நிபந்தனைகளை நீங்களே எழுத வேண்டியதில்லை. தேதி, எண் வடிவம், அகரவரிசை ஆகியவற்றையும் அவற்றிடமே விட்டுவிடலாம்.

எழுத்துகளை எண்ணும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. ‘தமிழ்’ என்பது வாசிப்பவருக்கு மூன்று எழுத்து. எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியெண்கள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். நான்கு குறியெண்களோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும். தம் மொழியின் பெயரே இப்படிச் சிதைந்து நிற்பதைப் பார்ப்பவருக்கு, அந்தச் செயலி தமக்காகச் செய்யப்பட்டதல்ல என்றே தோன்றும். ஆகவே, வெட்டுவதானாலும் வரம்பு வைப்பதானாலும், வாசிப்பவர் எழுத்தாகக் காண்பதையே அலகாகக் கொள்ளுங்கள்.

அரபி, எபிரேயம், உருது ஆகியவற்றுக்குத் திரையமைப்பே வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும்; ஓரங்களை ‘இடது’, ‘வலது’ என்னாமல் ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று குறித்திருந்தால் பெரும்பகுதி தானாகவே சரியாகிவிடும். மொழித் தேர்வுப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே காட்டுங்கள். ஒரே மொழி பல நாடுகளில் வழங்குவதால் கொடிப் படம் வேண்டாம். தவறுதலாக வேறு மொழிக்கு மாறிவிட்டவர் திரும்பி வர முயலும்போது, அந்தத் திரையில் அவரால் படிக்க முடிவது தம் எழுத்தில் உள்ள தம் மொழியின் பெயர் ஒன்றுதான்.