வீட்டில் மின்வாகனம் சார்ஜ் செய்ய எர்த் போடுவது எப்படி?

சார்ஜரில் எர்த் ஃபால்ட் விளக்கு (எர்த் சரியில்லை என்று காட்டுவது) எரிந்தால், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுபவர்கள் உண்டு. விளக்கு அணையும், வண்டியும் சார்ஜ் ஏறும். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த நொடியே வண்டியின் உலோகப் பாகங்களில் 230 வோல்ட் ஏறிவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். முறையான வழி கீழே. இணைப்பு வேலைகளை உரிமம் உள்ள ஒயர்மேன்தான் செய்ய வேண்டும்.

1. எர்த் குழி

சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, மண் ஈரமாக இருக்கும் இடத்தில் குழி எடுங்கள். 40 மிமீ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் நீளம், செங்குத்தாக இறங்க வேண்டும். கரியும் உப்பும் அடுக்குவது பழைய வழக்கம். உப்பு மழையில் கரைந்து போவதோடு பைப்பையும் அரிக்கும். பென்டோனைட் என்ற களிமண் கலவைக்குச் செலவு கூடுதல்தான், இருந்தாலும் அதையே போடுங்கள்.

2. தனி லைன்

3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கும். டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனியாக 4 சதுர மிமீ செம்பு ஒயர் இழுங்கள்; எர்த் ஒயரும் அதே அளவு. 7.4 கிலோவாட் என்றால் 6 சதுர மிமீ.

3. எம்சிபி மட்டும் போதாது

பலரும் தவறுவது இங்கேதான். எம்சிபி என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். எர்த் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் வண்டியின் உடலைத் தொட்டால் ஓடுவது 230 ÷ 5 = 46 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் தடையும் சேர்வதால் நிஜத்தில் இன்னும் குறையும். 20 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி உடனே விழ 100 முதல் 200 ஆம்பியர் வேண்டும். ஆக, குழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எம்சிபி சட்டென்று விழாது. அதுவரை வண்டியில் மின்சாரம் நிற்கும். மின்கசிவைக் கண்டதும் விழும் சுவிட்சான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். அதில் 'ஏசி' வகை வேண்டாம்: சார்ஜரிலிருந்து டிசி (நேர் மின்னோட்டம்) கசிந்தால் அது மந்தமாகிவிடும். சார்ஜரிலேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவுப் பாதுகாப்பு இருந்தால் 'ஏ' வகை, இல்லாவிட்டால் 'பி' வகை.

4. சோதனை

மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டும் ஏறக்குறைய 230 காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மல்டிமீட்டருக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும் என்பதால் மோசமான எர்த்திலும் 230 காட்டும். எர்த் டெஸ்டரால் தடையை அளக்கச் சொல்லுங்கள்: மண் காய்ந்திருக்கும் கோடையில், 5 ஓமுக்குள்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் ஒயரே இல்லாவிட்டாலும் விழும். மழைநாளில் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றாதீர்கள், சாக்கெட்டுக்குள் ஈரம் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடவே கூடாது. மலிவான பல பாக்ஸ்களில் எர்த் துளை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது.