கினிப்பன்றிகளின் தும்மலுக்குக் காரணம் புல்தட்டின் உயரம்

என் கினிப்பன்றிகள் இரண்டும் அடுக்கடுக்காகத் தும்மின. மூக்கில் தெளிந்த நீர். ஆனால் தீனியும் எடையும் குறையவில்லை. இவை மூக்கால்தான் மூச்சுவிடும் என்பதால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். நுரையீரல் சுத்தம், தொற்று இல்லை என்றார். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் வீட்டு வைத்தியத்தில் இறங்காதீர்கள். பென்சிலின் வகை மருந்தை நாமாகக் கொடுத்தால் குடல் கெட்டு உயிரே போகலாம்.

கூண்டில் பரப்பியிருந்த மரத்தூளை எடுத்துவிட்டு ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணியை விரித்தேன். சிறுநீரின் அம்மோனியா நெடியோ என்று கூண்டைத் தினமும் சுத்தம் செய்தேன். வாசனை ஸ்ப்ரேயையும் நிறுத்தினேன். பலனில்லை.

துப்பு கிடைத்தது தும்மும் நேரத்தில். கூண்டில் மாட்டியிருந்த தட்டில் காய்ந்த புல்லை நிரப்பியதும் தும்மல், தட்டு பாதி காலியானதும் அமைதி. அதுவும் புது மூட்டை பிரித்தபோது இல்லை. மூட்டையின் அடிப்புல்லுக்கு வந்த பிறகுதான். டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டு அவற்றின் தலைக்கு மேலே இருந்ததால், ஒவ்வொரு இழுப்புக்கும் புல்தூசி நேராக மூக்கில் கொட்டியது.

புல்லை நிறுத்த முடியாது. பல் தேயவும் குடல் இயங்கவும் அதுதான் ஆதாரம். அதனால் புல்லை வெளியே கொண்டுபோய் நன்றாக உதறி, அடித்தூளைக் கொட்டிவிட்டு, தட்டைத் தரையோடு இறக்கி வைத்தேன். அந்த வாரமே தும்மல் நின்றது. அப்பாடா!

கண்ணோரம் எப்போதாவது வரும் பால்போன்ற திரவம் இயல்பானது, அவை தங்கள் முகத்தைக் கழுவிக்கொள்ளத்தான். மூக்குநீர் கெட்டியானாலோ, முன்னங்கால் உட்புற ரோமம் பிசுபிசுத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.