விடியற்காலைப் பால் போன நிதியாண்டுக்குப் போன கதை

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெளுக்கும் முன்பே பால் ஊற்ற ஆள் வந்துவிடும். கொள்முதல் கணக்கை வாங்கிப் பட்டுவாடா சர்வீசுக்குத் தள்ளுவது எங்கள் மிடில்வேர், அதாவது இரண்டு மென்பொருளுக்கு நடுவே நிற்கும் இணைப்பு மென்பொருள். ஒரு ஏப்ரல் 1 காலை 5 மணிக்கு ஊற்றிய பால், மார்ச் 31 கணக்கில் ஏறிவிட்டது. கோடில் பிழை தேடி ஒரு பகல் போனது. பிழை காண்ட்ராக்டில் இருந்தது, அதாவது எந்தத் தகவல் எந்த வடிவில் வர வேண்டும் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்ட விதியில்.

அந்த விதியை எழுதுவது எக்ஸ்எஸ்டியில் (எக்ஸ்எம்எல் மெசேஜின் வடிவத்தை விவரிக்கும் மொழி). அதில் ஒரு ஃபீல்டின் வகையை டேட்டைம் என்று மட்டும் எழுதினால், நேர மண்டலம் கட்டாயமில்லை. அனுப்பிய சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடியது. நம் காலை 5 மணியை, மார்ச் 31, 23:30 என்று மண்டலம் இல்லாமல் வெறுமனே எழுதியது. வாங்கியவர் அதை நம்மூர் நேரமாக எடுத்துக்கொண்டார். எக்ஸ்எஸ்டி 1.1 இருந்தால் டேட்டைம்ஸ்டாம்ப் போடுங்கள், அது மண்டலத்தைக் கேட்டு வாங்கும். 1.0 என்றால் பேட்டர்ன் (எழுத்து அமைப்பு விதி) எழுதிக் கட்டாயப்படுத்தலாம். கணக்கு நாளைத் தனி ஃபீல்டாகவே வைப்பது இன்னும் நல்லது. நேரத்திலிருந்து நாளைக் கறப்பானேன்?

‘அளவு’ என்று ஒரு ஃபீல்டு, அலகே இல்லாமல். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ. நூறு லிட்டருக்கு மூன்று கிலோ வித்தியாசம் என்றால் ஊற்றியவர் சும்மா விடுவாரா? அலகையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், லிட்டர், கிலோ இரண்டைத் தவிர எதையும் ஏற்காதீர்கள்.

எக்ஸ்எஸ்டியில் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்ற அமைப்பை எழுதாமல் விட்டால் அன்குவாலிஃபைட் (நேம்ஸ்பேஸ் சேராதது) என்றே பொருள். உள் எலிமென்ட்டுகள் (மெசேஜுக்குள் இருக்கும் டேக்குகள்) நேம்ஸ்பேசுக்கு, அதாவது பெயர்கள் மோதாமலிருக்க வைக்கும் குடும்பப் பெயருக்கு, வெளியே நிற்கும். மறுமுனை நேம்ஸ்பேசோடு தேடினால் கிடைக்காது. வேலிடேஷனை (மெசேஜ் விதிப்படி இருக்கிறதா என்ற சோதனையை) வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தால் (பலர் வைத்திருக்கிறார்கள்) எர்ரரே வராது, மதிப்பு காலியாக உள்ளே போகும். பழைய காண்ட்ராக்டில் புது ஃபீல்டு சேர்க்கும்போது மின்அக்கர்ஸ் (குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்ற எண்) 0 போட மறக்காதீர்கள். எழுதாவிட்டால் 1, பழைய கிளையண்ட் அனுப்பும் மெசேஜ் எல்லாம் திரும்பி வரும்.

பெயர்கள் எங்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் வரும். எக்ஸ்எஸ்டியில் மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) 50 என்பது எழுத்துக்குறிகளின் கணக்கு, பைட் கணக்கல்ல. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். டேட்டாபேஸில் 50 பைட் அகல நெடுவரிசையில் 16 குறிதான் கொள்ளும், அதில் புள்ளியும் கொம்பும் அடக்கம்.

ஊர்ப் பெயரைச் சாவியாக (பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டாக) வைக்கவே வேண்டாம். பெயர் ஒன்று, பின்கோடு வேறு: எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் 678101, ஆந்திரச் சித்தூர் 517001.