கன்சர்வேஷனுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடாதீர்கள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் வரிசையாக ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கன்சர்வேஷன் (conservation) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் கை தானாகப் ‘பாதுகாப்பு’ என்று தட்டிவிடுகிறது. பத்து வரி தள்ளி செக்யூரிட்டி வரும், அதுவும் பாதுகாப்பு. சேஃப்டி, புரொடெக்‌ஷன், டிஃபென்ஸ் எல்லாமே பாதுகாப்பு. சந்திப்பிழை, எழுத்துப்பிழை பார்க்க ஆள் இருக்கிறார்கள். படிப்பவரைத் தவறான பொருளுக்கோ தவறான வேலைக்கோ இழுத்துப்போகும் பிழைகள் மட்டும் இங்கே.

அகராதியைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகள். இங்கே மாறாமல் இருப்பது எது? அதற்கு யாராவது மெனக்கெட வேண்டுமா, இல்லை அது தன்பாட்டுக்கு அப்படித்தான் இருக்குமா?

இயற்பியலில் காவலாளி கிடையாது

‘ஆற்றல் பாதுகாப்பு விதி’ என்று எழுதினால் யாரோ ஆற்றலைக் காவல் காப்பது போல இருக்கிறது. 2 கிலோ கல்லை 10 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால் அதன் நிலை ஆற்றல் சுமார் 196 ஜூல். கையை விட்டால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காதபோது, தரையைத் தொடும் கணத்தில் அதே 196 ஜூல் இயக்க ஆற்றலாக இருக்கும். மோதியபின் வெப்பமாகவும் ஒலியாகவும் பிரியும். கூட்டிப் பார்த்தால் தொகை அதேதான். யாரும் எதையும் காக்கவில்லை. ஆகவே ஆற்றல் மாறா விதி, அல்லது ஆற்றல் அழிவின்மை விதி.

இலங்கைப் பாடநூல்கள் இதைச் ‘சக்திக் காப்பு’ என்கின்றன. மாஸ் என்பது அங்கே திணிவு, இங்கே நிறை. இரண்டு மரபும் சரிதான். ஆனால் ஒரே கட்டுரையில் ‘சக்திக் காப்பு’ என்றும் ‘ஆற்றல் மாறா விதி’ என்றும் கலந்தடித்தால் மாணவர் இரண்டு விதி இருப்பதாக நினைப்பார். யாருக்கு எழுதுகிறோமோ அவர்கள் மரபு ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் இரண்டு சொல் முன்பின்னாக மாறினால் பொருளே வேறு. ‘கன்சர்வேஷன் ஆஃப் எனர்ஜி’ என்பது மேலே சொன்ன விதி. ‘எனர்ஜி கன்சர்வேஷன்’ என்பது மின்கட்டணம். 60 வாட் குண்டு பல்பு 5 மணி நேரம் எரிந்தால் 300 வாட்-மணி; 9 வாட் எல்இடி என்றால் 45. இது எரிசக்தி சேமிப்பு. டிசம்பர் 14 இந்தியாவில் தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அதை ஆற்றல் மாறா தினம் ஆக்கிவிடாதீர்கள்.

பழமைவாத விசை

அப்படி ஒன்று இல்லை. இயற்பியலில் ‘கன்சர்வேட்டிவ் ஃபோர்ஸ்’ என்பது ஆற்றல் மாற்றா விசை.

காட்டில் ஒரு பொருள், ஆவண அறையில் இன்னொன்று

கன்சர்வேஷனும் பிரிசர்வேஷனும் ஒன்றுதான் என்று நினைப்பது அடுத்த பிழை. துறை மாறினால் இந்த ஜோடியின் உறவே மாறிப்போகும்.

அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோவுக்குக் கன்சர்வேஷன் என்றால் அளவறிந்து பயன்படுத்துவது: மரம் வெட்டலாம், அடுத்த தலைமுறைக்கும் மரம் இருக்கும்படி வெட்ட வேண்டும். இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் பேசியது பிரிசர்வேஷன், காட்டைத் தொடாமல் விடு என்பது. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் தண்ணீருக்காக அணை கட்டலாமா என்பதில் இருவரும் எதிரெதிர் அணி. 1913-இல் சட்டம் அணைக்கு அனுமதி தந்தது. இரண்டு தரப்பையும் ‘பாதுகாப்பாளர்கள்’ என்று எழுதினால், பாதுகாப்பாளர்களுக்கும் பாதுகாப்பாளர்களுக்கும் சண்டை, பாதுகாப்பாளர்கள் வென்றார்கள் என்று முடியும்.

ஆவணக் காப்பகத்தில் இது தலைகீழ். அங்கே பிரிசர்வேஷன்தான் பெரிய குடை: அறையின் வெப்பம், ஈரப்பதம், பூச்சி, அடுக்கும் முறை எல்லாம் அதில் அடங்கும். கன்சர்வேஷன் என்றால் குறிப்பிட்ட ஒரு சுவடியைக் கையிலெடுத்துத் தூசி தட்டி, கிழிசலை ஒட்டி, ஏட்டுக்கு எண்ணெய் தடவுவது. நோய்த் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு போலத்தான். காட்டில் கைவைக்காதே என்ற சொல் இங்கே சூழலைப் பராமரி என்றாகிறது. காட்டில் அளவோடு பயன்படுத்து என்ற சொல் இங்கே எடுத்துச் செப்பனிடு என்றாகிறது.

எல்லாமே சரணாலயம் அல்ல

இந்தியாவின் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயம், தேசியப் பூங்கா இரண்டும் முதலிலிருந்தே உண்டு. கன்சர்வேஷன் ரிசர்வ் பின்னால் வந்த திருத்தத்தில் சேர்ந்த தனி வகை. அரசு நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்து பேசியபின் அறிவிப்பது. பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்தது இந்த வகைதான், கடற்பசு பாதுகாப்பகம். அதைச் ‘சரணாலயம்’ என்று எழுதிப் பாருங்கள், கரையில் முதல் கேள்வியே “அப்போ வலை போடக் கூடாதா?” என்றுதான் வரும். காப்புக்காடு என்பதும் ரிசர்வ் ஃபாரஸ்டுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த பெயர். வனத்துறைச் செய்தியில் அதை வேறெதற்கும் கடன் வாங்க வேண்டாம்.

‘புதுப்பித்தல்’ என்று எழுதினால் சுவர் போச்சு

மற்ற பிழைகள் தாளோடு போகும். இது சுவரில் ஏறி உட்காரும், இறங்காது.

பழைய கட்டடத்துக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஆங்கிலம் கன்சர்வேஷன் என்று சொல்லும். தமிழில் புதுப்பித்தல், புனரமைப்பு, சீரமைப்பு என்று வாய்க்கு வந்தது விழும். வேலை செய்யும் மேஸ்திரி படிப்பது தமிழை. புதுப்பி என்றால் அவருக்குச் சந்தேகமே இல்லை: பழசைக் கொத்து, சிமென்டால் பூசு, பெயின்ட் அடி. சொன்னதைத்தான் செய்கிறார்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரில் இணைப்புகள் செங்கல்லைவிட மெத்தென்று இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்த இணைப்புகள் வழியாக வெளியேறிக் காயும். உப்பும் அங்கேயே பூக்கும். காலப்போக்கில் சாந்து உதிர்ந்தால் சுரண்டி மறுபடி நிரப்பலாம். அந்தச் சாந்து உதிர்வதற்கென்றே இருப்பது. இணைப்பைச் சிமென்டால் அடைத்துவிட்டால் ஈரத்துக்கு அந்த வழி மூடிப்போகிறது. செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு செங்கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, மேல்தோலைத் தகடு தகடாக உரித்துத் தள்ளும். சில மழைக்காலம் கழித்துப் பாருங்கள்: சிமென்ட் கோடுகள் சட்டம் போல நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் செங்கல் குழிந்திருக்கும். சாந்தை மாற்றலாம், செங்கல்லை எங்கே போய் வாங்குவது?

கருங்கல் கோயில்களில் கதை வேறு. எண்ணெய்ப் பிசுக்கையும் வெள்ளையடித்த சுண்ணாம்பையும் எடுக்க அழுத்தக் காற்றில் மணலை வீசியடித்தார்கள். பிசுக்கோடு கல்லின் தோலும் போனது. கல்வெட்டின் எழுத்து விளிம்பு மழுங்கியது, சிற்பத்தின் நகைக் கோடுகள் தேய்ந்தன. தமிழ்நாட்டில் மணல்வீச்சுக்குத் தடை வந்தது பிறகுதான். போன எழுத்து தடையால் திரும்பாது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1979-இல் ஆஸ்திரேலியாவில் மரபிடங்களைப் பேணுவதற்கென வகுத்த பர்ரா சாசனம் சொற்களைப் பிரித்து வைத்தது. தமிழில் இப்படிப் பிரிக்கலாம். பேணிக்காத்தல் (கன்சர்வேஷன்): எல்லாவற்றுக்கும் மேலான குடை. நிலைகாத்தல் (பிரிசர்வேஷன்): இருப்பதை இருக்கும் நிலையிலேயே வைத்துச் சிதைவைத் தாமதப்படுத்துவது. மீட்டமைத்தல் (ரெஸ்டொரேஷன்): பின்னால் சேர்ந்ததை அகற்றியோ, கிடக்கும் துண்டுகளைச் சேர்த்தோ, முன்பு இருந்ததாகத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவருவது. மறுகட்டுமானம் (ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்): அதே தெரிந்த நிலைக்குக் கொண்டுவரப் புதுப் பொருளும் சேர்ப்பது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று 1964-இன் வெனிஸ் சாசனமும் கண்டிப்பாகச் சொல்கிறது. திருப்பணி என்ற சொல்லை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதற்கு வழிபாட்டுப் பொருள் உண்டு, புதிதாகச் செய்வதும் அதில் புண்ணியம்தான்.

பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றினாலும் போதாது. வேலையை வினைச்சொல்லில் எழுதிவிடுங்கள்: “தளர்ந்த சாந்தை மட்டும் கை உளியால், இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்கு எடுக்கவும். இணைப்பைத் தண்ணீரால் நனைக்கவும். பழைய சாந்தைச் சோதித்து அதற்கு ஒத்த கலவையால் நிரப்பவும். சோதனை வேறு சொல்லாவிட்டால் நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடவும். இயந்திரம் கூடாது. சிமென்ட் கூடாது.” கடைசி வரியோடு “கைப்பிடி அளவும் கூடாது” என்று சேர்ப்பது நல்லது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். மூன்றாம் நாளும் நகம் பதிகிறதே என்று யாராவது ஒரு பிடி சிமென்டைப் போட்டுவிடுவார்கள்.

மருத்துவக் குறிப்பில்

‘கன்சர்வேட்டிவ் ட்ரீட்மென்ட்’ பழமையான வைத்தியம் அல்ல. அறுவை இல்லாமல் மருந்து, ஓய்வு, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றால் பார்ப்பது. நோயாளி கையெழுத்திடும் தாளில் இது தவறினால் அவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பதே மாறிவிடும்.

மரபணு வரிசை

‘கன்சர்வ்டு சீக்வென்ஸ்’ என்றால் பாதுகாக்கப்பட்டதல்ல. உயிரினங்கள் தனித்தனி இனங்களாகப் பிரிந்தபின்னும் மாறாமல் தொடர்வது.

பியாஜேயின் இரண்டு கிளாஸ்

குட்டையான கிளாஸிலிருந்து ஒல்லி கிளாஸுக்குத் தண்ணீரை ஊற்றினால் ‘இதில்தான் அதிகம்’ என்று சின்னப் பிள்ளை சொல்லும். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் ஏறக்குறைய ஏழு வயதில் வருவதாக உளவியலாளர் ழான் பியாஜே சொன்னார். உளவியலில் அதற்கும் கன்சர்வேஷன் என்றே பெயர். அளவு மாறாமை என்றால் தெளிவு. ‘குழந்தையின் பாதுகாப்பு உணர்வு’ என்று எழுதினால் கட்டுரை வேறு ஊருக்குப் போய்விடும்.

கன்சர்வன்சி

நகராட்சிக் கோப்பில் இந்தச் சொல் வந்தால் காடும் இல்லை, கோயிலும் இல்லை. கன்சர்வன்சி பணியாளர் என்றால் தூய்மைப் பணியாளர். கன்சர்வன்சி லேன் என்பது அந்தக் காலத்தில் கழிவை எடுத்துப்போக வீடுகளின் பின்புறம் விட்ட சந்து.