தீராத பிழைகளை மூடிய பொட்: நான் சரிசெய்த விதம்

கல்லடியில் இருந்து நான் பராமரிக்கும் திறந்த மூலத் தமிழ் விசைப்பலகைத் திட்டம், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. அங்கே வரும் பிழைப் புகார்களில், நெடுநாள் அசைவில்லாதவற்றை ‘ஸ்டேல்’ என்ற பொட் (தானியங்கி நிரல்) மூடும். அதில் தீராத பிழைகள்கூடத் தானாக மூடுண்டன. “அண்ணன், ‘ஸ்ரீ’ இன்னும் உடைஞ்சுதான் வருது. ஏன் மூடினீங்க?” என்று காத்தான்குடித் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

‘ஸ்டேல்’ ஆக்‌ஷனின் இயல்புநிலை இதுதான்: 60 நாள் அசைவில்லை என்றால் ‘ஸ்டேல்’ லேபிள் (குறிச்சொல்) விழும், மேலும் 7 நாளில் மூடும். வேலை முடிந்து இரவில் கோட் எழுதுபவர்களுக்கு இந்த அவகாசம் போதவே போதாது. மூடுவதற்கான நாளை -1 ஆக மாற்றினேன். இனி லேபிள் மட்டும் விழும், எதுவும் மூடாது. உறுதியான பிழைகளுக்கு விலக்கு லேபிளும் கொடுத்தேன்.

அப்புறம், பொட் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் கிரோன் அட்டவணை ஓடுவது யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில். நமக்குக் காலை 6 மணி என்றால் அங்கே 00:30.

ஏற்கெனவே மூடியவற்றை ‘ஸ்டேல்’ லேபிளை வைத்தே தேடித் திறந்து வருகிறேன்.