முப்பாட்டனைத் தேட மூலப்பத்திரத்தைப் பிரியுங்கள்

நான் பத்திர எழுத்தர். மதுரைக்கும் சிவகங்கைக்கும் நடுவில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான் பிழைப்பு. நிலம் விற்க வருகிறவரிடம் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஆனால் அவர்கள் அக்குளில் இடுக்கி வந்திருக்கும் மஞ்சள் பைக்குள் அந்தப் பெயர் இருக்கும். பாட்டன், முப்பாட்டன் யார் என்று தேட ஆசைப்படுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

காகிதத்துக்கு முன்னால் ஆட்கள். குடும்பத்திலேயே வயதான பெண் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பங்காளி வரிசையை ஆண்கள் சொல்லிவிடுவார்கள். பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர், பிறந்து தங்காமல் போன பிள்ளைகள், இரண்டாந்தாரம் எல்லாம் அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும்தான் தெரியும். "வம்சாவளி சொல்லுங்க" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். "உங்க கல்யாணத்துல தாய்மாமன் சீர் கொண்டாந்தது யாரு?", "உங்க அம்மா தலைப்பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போனாங்க?" என்று கேளுங்கள், தானாக வரும். அந்தக் காலத்து மனுஷிகள் பலர் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் ஒரு பேத்தியை வைத்துக்கொண்டால் அவள் சொல்லிவிடுவாள்.

வருஷத்தையும் நேராகக் கேட்காதீர்கள். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றால் 1964 டிசம்பருக்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். "பர்மாவுல இருந்து ஆளுக நடந்து வந்தப்ப?" என்றால் 1942. வீட்டில் பழைய ஜாதகம் இருந்தால் இன்னும் நல்லது. பிரமாதி வருஷம் மாசி மாதம் என்று எழுதியிருந்தால் அது 1940ஆம் வருஷத்துத் தொடக்கம். அறுபது வருஷச் சுற்று என்பதால் 1880ஆகவும் இருக்கலாம், ஆள் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வசதியாக வாத்தியார் போட்ட தேதிதான் அந்தத் தலைமுறையில் பலருக்கும்.

அடுத்து, பரண்மேல் கிடக்கும் மொய் நோட்டு. இதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக இருக்கும். காதுகுத்து நோட்டாக இருந்தால் முதல் பக்கத்திலேயே தாய்மாமன்கள் வந்துவிடுவார்கள். ஒரே ஊரிலிருந்து அஞ்சாறு பேர் அடுத்தடுத்து எழுதியிருக்கிறார்களா? அங்கே உங்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெயரை அப்பத்தாவிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். பழைய கிரயப் பத்திரத்தை வாங்கினவர், விற்றவர், தொகை என்று மூன்றே விஷயத்துக்காகப் படிக்கிறார்கள். குடும்பம் தேடுகிறவர் படிக்க வேண்டியது மற்ற இடங்களை. எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயரும் ஊரும் முதல் வரியிலேயே இருக்கும். சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பகுதியில் "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்றால் பரம்பரைச் சொத்து. இன்ன வருஷம் இன்ன நம்பர் பத்திரம் என்று இருந்தால் அதுதான் தாய்ப்பத்திரம், அதைப் பிடித்து ஒரு தலைமுறை மேலே போகலாம். "மைனர், வயது 9, மேற்படியாருக்குக் கார்டியனும் தாயாருமான" என்ற இடத்தில் ஒரு பிள்ளையின் பிறந்த வருஷமும் அம்மா பெயரும் சேர்ந்தே கிடைக்கும். நிலத்தின் நாலு பக்க எல்லையைச் சொல்லும் 'நான்குமால்' பகுதியை விட்டுவிடாதீர்கள். கிழக்கேயும் வடக்கேயும் யாருடைய புஞ்சை என்று சொல்லும் அந்த வரிகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் பாகம் பிரிந்த பங்காளிகள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் அதை வாங்கினவர் பெயரும் தேதியும் இருக்கும். சாட்சிக் கையெழுத்தில் மச்சினன், மாமன் என்று சொந்தக்காரர்கள் நிற்பார்கள்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது விடுதலைப் பத்திரம். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றதும், விற்பதற்கு முன் பெண் பிள்ளைகளிடம் விடுதலை எழுதி வாங்குவது வழக்கமாயிற்று. அவர்கள் பங்கை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் நெருடுகிற விஷயம்தான். ஆனால் அந்தக் காகிதத்தில்தான் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கணவர் பெயரோடு, வாக்கப்பட்டுப் போன ஊரோடு, வயதோடு வரிசையாக நிற்கிறார்கள். எங்கள் அய்யாவுக்கு மூன்று அக்கா தங்கைகள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். விடுதலைப் பத்திரத்தில் நான்கு கைரேகைகள் இருந்தன. நான்காவது ரேகைக்கு எதிரே இருந்த ஊரைத் தேடிப் போய்த்தான் ஒரு அத்தை வழியையே கண்டுபிடித்தோம்.

பத்திரம் கையில் இல்லையா? சர்வே நம்பர் தெரிந்தால் போதும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். 1975க்குப் பிந்தையவை பெரும்பாலும் அங்கேயே தெரியும். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். சொத்துப் பத்திரங்கள் ஏறுவது 1ஆம் புத்தகத்தில். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்த்து நகல் கேட்கலாம் என்று 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டமே சொல்கிறது. உயில் இருப்பது 3ஆம் புத்தகம். எழுதினவர் இறந்த பிறகு அதற்கும் நகல் கேட்கலாம். சர்வே நம்பரும் தெரியாது என்றால் பெயர் அட்டவணை என்று ஒன்று உண்டு. தேடுகிற வருஷத்தை ஐந்தாறு வருஷத்துக்குள் சுருக்கிக்கொண்டு போனால் தேடுகிறவருக்கும் பொறுமை இருக்கும்.

பழைய காகிதத்தில் தமிழ் எண்கள் மிரட்டும். க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்பவை 1 முதல் 9. ௰ என்றால் 10. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பசலி என்பது நிலவரிக் கணக்கு வருஷம், அப்படி இருந்தால் 590ஐக் கூட்டுங்கள், ஆங்கில வருஷம் வரும். பசலி 1340 என்பது 1930 ஜூலையில் தொடங்கிய வருஷம். மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். சிவகங்கையும் விருதுநகரும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ராமநாதபுரம் மாவட்டமே 1910இல் உண்டானது, அதற்கு முன்பென்றால் மதுரை ஜில்லா, திருநெல்வேலி ஜில்லா என்று தேட வேண்டும்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு, குலதெய்வக் கோவில் வரி நோட்டு ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகளுக்கோ சில சமயம் நம்மைவிட நல்ல பதிவு கிடைக்கும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை அதில் இருக்கும். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் அங்கே மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆங்கில எழுத்தை வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

இணையத்தில் இலவசமாகக் குடும்ப மரம் போட்டு வைக்க ஃபேமிலிசர்ச் போன்ற தளங்கள் இருக்கின்றன. அங்கே யாரோ ஏற்றிய பெயரை அப்படியே எடுத்து உங்கள் மரத்தில் ஒட்டாதீர்கள். எந்தக் காகிதம், யார் சொன்னது என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறித்து வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுவில் போட வேண்டாம். உறவுக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம்தான் திரும்பி வரும். பெரிய தாளில் அச்செடுத்து, குலதெய்வக் கும்பிடுக்குப் போகும்போது கொண்டுபோய் விரித்து, ஒரு சிவப்புப் பேனாவையும் பக்கத்தில் வையுங்கள். பெரியவர்கள் தங்கள் வழியைத்தான் முதலில் தேடுவார்கள், விட்டுப்போன பெயரை அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள். எழுதினவர் யார், எந்தத் தேதி என்பதை அன்றைக்கே அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.